உறியில் தொங்கிய பானை

எகிப்தின் செங்கடல் கரையில் குசெய்ர் அல்-காதிம் என்றொரு மேடு இருக்கிறது. மணலும் உப்புக் காற்றும் தவிர இன்று அங்கே பார்க்க அதிகம் இல்லை. 2000 ஆண்டுகளுக்கு முன்பு அதுதான் மியோஸ் ஹோர்மோஸ். இந்தியாவை நோக்கிப் பாய் விரித்த கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது உடைந்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதன்மேல் கீறியிருந்தவை தமிழ் பிராமி எழுத்துகள். படித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். 'பானை ஒறி' என்று இருந்தது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

ஒறி என்றால் உறி. கயிற்றைப் பின்னி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பாலும் மோரும் நெய்யும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் வைத்தார்களே, அந்த உறிதான். வீட்டில் அது பூனைக்குப் பயந்து கட்டியது. கப்பலில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. அலையில் கப்பல் சாயும்போது தரையில் வைத்த பானை கவிழ்ந்துவிடும். தொங்கும் பானை மட்டும் ஆடி ஆடி, வாய் மேல்நோக்கியபடியே நிற்கும்.

கடல் கடந்த தமிழரைப் பற்றிப் பேச்செடுத்தால் மிளகும் பொன்னும் யவனரும் புயலும்தான் முதலில் வரும். அந்தக் கரையில் கிடைத்ததோ சமையல்கட்டுச் சாமான். பாய்மரக் கப்பலில் வாழத் தொடங்கியவர்களின் கதையை அந்த உறியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். அது வீரக்கதையாக இருந்ததைவிட, ஓயாமல் ஆடும் பலகைமேல் நடத்திய குடித்தனமாகவே இருந்தது. அந்தக் குடித்தனத்தோடு, கடலையே கண்டறியாத கொங்கு நாட்டுக்கும் நெருங்கிய உறவு இருந்தது.

நொய்யலில் கிளம்பிய கல்

கொங்கு நாட்டுக்கு மலை உண்டு, ஆறு உண்டு, கடல் இல்லை. இந்த மண்ணுக்குத் தெரிந்த கலம் பரிசல். மூங்கில் பிளாச்சைக் கூடையாகப் பின்னித் தோல் போர்த்திய அந்த வட்டக் கலத்தில் பவானியையும் காவிரியையும் தலைமுறை தலைமுறையாகக் கடந்திருக்கிறார்கள். பவானிசாகர் அணையில் நீர் ஏறிப் பாலம் மூழ்கும்போது, சிறுமுகையை அடுத்த காந்தவயல் பக்கத்து மக்கள் பரிசலேறி அக்கரை போவதை இந்தக் காலத்திலும் பார்த்திருக்கிறோம். பரிசலுக்குப் பாய் கிடையாது. முன்பக்கம், பின்பக்கம் என்றும் கிடையாது. ஒரு துடுப்பு, ஒரு கரை, மறுகரை, அவ்வளவுதான் பயணம். அதில் யாரும் உலை வைப்பதில்லை.

ஆனால் கொங்கு மண்ணில் கிடைத்த கல் கடல் கடந்தது. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று குறிப்பிட்ட ஊர் இதுவே என்பது ஆய்வாளர்களின் முடிவு. 1985 முதல் பல முறை இங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. தொல்லியல் அறிஞர் கா. ராஜனும் அவரோடு உழைத்தவர்களும் மண்ணுக்கடியிலிருந்து ஒரு பட்டறை ஊரையே வெளியில் கொண்டுவந்தார்கள். இரும்பை உருக்கிய உலை, கல்மணி செய்த இடம், நூல் நூற்ற தக்களி என எல்லாம் கிடைத்தன. மணிகளில் துளையிட்டு முடித்தவை உண்டு, துளையிடாதவை உண்டு, பாதி வேலையில் உடைந்துபோனவையும் உண்டு. உடைந்தவைதான் ஆய்வாளருக்குப் பெரிய சாட்சி. விற்க வந்த ஊரில் உடைந்த மணி குவிந்து கிடக்காது. செய்த ஊரில்தான் கிடக்கும்.

காங்கேயத்தை அடுத்த படியூர் பெரில் என்ற நீலப்பச்சைக் கல்லுக்குப் பேர்போனது. வெங்கச்சாங்கல் மண்டிய அந்த மேட்டுக்காடுகளில், ஒரு நல்ல மழை பெய்து வெயில் அடித்தால் மினுக்கும் கல்லைத் தேடி ஆட்கள் குனிந்து நடப்பது இந்த வட்டாரத்தில் பழகிய காட்சி. ரோமானிய அறிஞர் பிளினி, பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிதாகவே கிடைக்கிறது என்று எழுதி வைத்தார். கல்லுக்கு விலையாக வந்த காசுகளைக் கொங்கு மண் பத்திரமாக வைத்திருந்தது. கோவைக்குத் தெற்கே நொய்யலை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் ஒரு புதையல், 1891இல் இன்னொன்று, பிறகு 20ஆம் நூற்றாண்டிலும் என்று ரோமானிய வெள்ளிக்காசுகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன.

கல்லும் காசும் போய்வந்த வழி பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் இடம் அது. கோவை சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் வெட்டிய 'ராஜகேசரிப் பெருவழி' என்ற சோழர் காலக் கல்வெட்டு, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தடத்தில் போக்குவரத்து நடந்ததற்குச் சான்று. வண்டியும் பொதிமாடும் மேற்கே இறங்கி முடித்த இடத்தில், சேரர் துறையான முசிறியில், பாய்மரங்கள் காத்து நின்றன.

காற்றின் பஞ்சாங்கம்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கொங்கில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கணவாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று வீசித் தள்ளும். இன்று அந்தப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் 2000 ஆண்டுகளுக்கு முன் செங்கடலிலிருந்து கப்பல்களை முசிறிக்குத் தள்ளிக்கொண்டு வந்தது.

அந்தக் காலத்தில் கிரேக்க மொழியில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல் வழிக் கையேடும் பிளினியின் நூலும் பயணக் கணக்கைத் தெளிவாகச் சொல்கின்றன. எகிப்திலிருந்து ஜூலையை ஒட்டிக் கிளம்ப வேண்டும்; அதாவது ஆடியில். செங்கடலின் தெற்கு வாயிலில் உள்ள ஒகேலிஸ் வரை சுமார் 30 நாள். அங்கிருந்து திறந்த கடலில் முசிறிக்கு 40 நாள். வந்து சேரும்போது புரட்டாசி ஆகியிருக்கும். முன்கூட்டியே கிளம்பினால் கேரளக் கரையில் மழைக்காலத்தின் முழுக் கோபத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். தாமதித்தால் காற்றே விட்டுப்போகும். திரும்ப வேண்டுமென்றால் வாடைக்காலம் வரை பொறுத்திருந்து டிசம்பரில் பாய் ஏற்ற வேண்டும். கடைசி நாள் ஜனவரி 13 என்கிறார் பிளினி. நம் இன்றைய கணக்கில் தை பிறப்பதற்கு முந்தைய நாள்.

ஆக, ஒரு பயணம் என்பது ஏறக்குறைய ஓர் ஆண்டு. இதில் கடலில் ஓடும் நாட்களைவிடக் கரையிலோ நங்கூரத்திலோ காற்றுக்காகக் காத்திருக்கும் நாட்கள் அதிகம். கப்பல் வாழ்க்கைக்குப் புதிதாக வருபவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது இந்தக் காத்திருப்பைத்தான். மானாவாரிக் காட்டை உழுதுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் குடியானவனுக்கு அது புரியும். அவன் மழைக்குக் காத்திருந்தான், இவன் காற்றுக்கு. இரண்டையும் கொண்டுவந்தது ஒரே பருவம்.

இங்கிருந்து எகிப்துக்குப் போனவர்களுக்குக் காத்திருப்பு இன்னும் கடுமை. மார்கழியில் புறப்பட்டு மாசி, பங்குனியில் போய்ச் சேர்ந்தால், திரும்பும் காற்றுக்கு ஆடி வரை அந்தப் பாலைவனக் கரையில் இருந்தாக வேண்டும். மியோஸ் ஹோர்மோஸிலும், அதற்குத் தெற்கே இருந்த இன்னொரு துறையான பெரனிகேயிலும் அரிசி, தேங்காய், பாசிப்பயறு எல்லாம் கிடைத்திருப்பதற்கு இந்த நீண்ட தங்கலும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். பெரனிகேயில் கோயில் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் மட்டும் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. அந்த ஊரில் கிடைத்த ஓட்டுச்சில் ஒன்றில் கொற்றன் என்ற பெயரின் தொடக்கத்தைத் தமிழ் பிராமியில் படிக்க முடிகிறது. மியோஸ் ஹோர்மோஸ் ஓடுகளில் கணன், சாதன் என்று இரண்டு பெயர்கள்.

பலகைமேல் குடித்தனம்

கப்பலில் நாள் எப்படிப் போனது? இந்தியப் பெருங்கடலின் மரக்கலங்கள் இயந்திரம் வந்த காலம் வரை அதிகம் மாறாமல் இருந்தவை. ஆகவே பழைய சான்றுகளையும் பிற்கால வழக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது.

முதலில் அடுப்பு. மரத்தால் ஆன வீட்டில் நெருப்பு மூட்ட வேண்டும். பெட்டியில் மணலோ மண்ணோ நிரப்பி, அதன்மேல் அடுப்பு வைத்து, காற்று படாமல் ஒரு தடுப்பு நிறுத்திச் சமைத்தார்கள். கடல் கொந்தளித்தால் அன்றைக்கு அடுப்பு கிடையாது. ஊறவைத்த அரிசியோ அவலோ கையில் இருப்பதோதான் சாப்பாடு. விறகு எண்ணி ஏற்றியது, ஆகவே குழம்பு கொதிப்பதற்கும் கணக்கு உண்டு.

அடுத்தது தண்ணீர். சுற்றிலும் தண்ணீர் இருக்க, குடிக்கக் குவளை அளந்து தருவார்கள். நாள் ஆக ஆகப் பீப்பாயிலும் பானையிலும் உள்ள நீர் வாடை அடிக்கும், பாசி பிடிக்கும். குளியலும் துவையலும் உப்புநீரில். உப்பு காய்ந்த துணி உடம்பை அறுக்கும். நல்ல மழை ஒன்று வந்தால் பாயை விரித்துப் பிடித்துப் பாத்திரம் நிரப்புவார்கள். கரையில் நனையாமல் ஓடுகிறவர்கள் கடலில் நனைவதற்கு ஓடிவருவார்கள்.

பிறகு பாய். இதில்தான் கொங்குக்காரர்கள் நின்று கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. பெரனிகேயிலும் மியோஸ் ஹோர்மோஸிலும் கப்பல் பாயின் கிழிசல்கள் கிடைத்தன. பாயைச் சுருக்கும் கயிறுகள் ஓடுவதற்கான மர வளையங்களும் கொம்பு வளையங்களும் கிடைத்தன. அந்தப் பாய்த்துணியில் பருத்தி இருந்தது. எகிப்தில் நூலை ஒரு பக்கமாக முறுக்குவது மரபு. இந்தியாவில் அதற்கு எதிர்ப்பக்கம். கிடைத்த பருத்திப் பாயின் நூல் இந்திய முறுக்கு. கிரேக்கப் பெயர் தாங்கிய கப்பல்கள்கூட இந்தியப் பருத்தியைப் பாயாகக் கட்டியிருக்கின்றன என்று துணி ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். கொடுமணலில் தக்களி சுழன்ற அதே காலத்தில், இந்த நாட்டின் ஏதோ ஒரு தறியில் நெய்த துணிதான் செங்கடலில் காற்றை வாங்கி நின்றது.

பருத்திப் பாய் லேசில் கட்டுப்படும் பொருள் அல்ல. நனைந்தால் கல்லாய்க் கனக்கும். நனைந்தபடி சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். வெயில் கண்ட போதெல்லாம் விரித்து உலர்த்த வேண்டும், நைந்த இடத்தில் ஒட்டுப் போட வேண்டும். காற்று இல்லாத நாளிலும் கப்பலில் வேலை ஓயாததற்கு இதுதான் காரணம். ஊசியும் நூலும் எடுக்கத் தெரியாதவன் பாய்மரக் கப்பலில் மாலுமி ஆக முடியாது. கயிறும் அப்படித்தான். இங்கே வடக்கயிறு திரித்து ஏற்றம் இறைத்தவர்கள் கயிற்றின் அருமையை அறிவார்கள். கடலில் ஒரு கயிறு அறுந்தால் பாயோடு பாய்மரமும் போகலாம்.

மரக்கலம் ஊறிக்கொண்டே இருக்கும். பலகைச் சந்துகளில் பஞ்சும் எண்ணெயும் பிசினும் வைத்துக் கலப்பற்று அடித்தாலும் அடியில் தண்ணீர் சேரும். இரவும் பகலும் முறை வைத்து இறைக்க வேண்டும். தேங்கிய நீரின் நாற்றம், சரக்கின் நெடி, எலி, கரப்பான். படுக்க அறை இல்லை. சரக்குக்கு மேலோ, கயிற்றுச் சுருளின் ஓரமோ, இடம் கண்ட பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். முதல் வாரம் புது ஆளுக்கு உண்டது தங்காது. தலை சுற்றல் நின்று கால் பழகியபின், கரையில் இறங்கினால் தரை ஆடுவதுபோல் இருக்கும்.

பயமும் உண்டு. முசிறிக்கு அருகில் கடற்கொள்ளையர் நடமாட்டம் இருந்ததால் கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றிக்கொண்டு வந்ததாகப் பிளினி எழுதுகிறார். கப்பல் நிற்கும் இடம் கரையிலிருந்து விலகி இருந்தது, சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது என்றும் குறைபட்டுக்கொள்கிறார். கொடுங்கல்லூரை அடுத்த பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில், சேற்றுக்குள் கெடாமல் கிடந்த சுமார் 6 மீட்டர் நீள ஆஞ்சிலி மரத் தோணி ஒன்றும், அதைக் கட்டும் தேக்குக் கட்டைகளும் வெளிப்பட்டன. பட்டணமே முசிறியாக இருக்கலாம் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. மேற்கே போன கொங்குச் சரக்கு, கடைசியாக மாறி ஏறியது இப்படிப்பட்ட கலங்களில்தான்.

இத்தனை பாட்டையும் எதற்காகப் பட்டார்கள்? வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ஏடு விடை சொல்கிறது. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஏட்டில், முசிறிப் பயணக் கடன் ஒப்பந்தம் ஒரு பக்கம். மறுபக்கம் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: நறுமணத் தைலப் பொருள், யானைத் தந்தம் முதலியவை. வரி போக அந்தச் சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டெர்ஸ். ஒரு கப்பல் பத்திரமாகத் திரும்பினால் ஒரு குடும்பம் தலைமுறைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். திரும்பாவிட்டால், பாய் இழுத்தவர்களின் பெயர்கூட எந்த ஏட்டிலும் இருக்காது.

பண்டாரியிலிருந்து தண்டல் வரை

முசிறி மணல்மூடிப் போனது. கொங்கின் சரக்கு பிறகு கிழக்கேயும் தெற்கேயும் திரும்பியது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் போனதும் தமிழகத்தின் உள்நாட்டுப் பருத்திக்கு அது பெரிய வாசல் ஆயிற்று. ஆனால் பிளினி சொன்ன குறை அங்கேயும் இருந்தது. கரையோரம் ஆழம் இல்லை. நீராவிக் கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. பஞ்சுப் பொதிகளை அவ்வளவு தூரமும் சுமந்து போனவை பாய்மரத் தோணிகள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, பிறகு கோவைச் சிறையில் செக்கிழுத்த காலத்திலும், அந்தக் கடலில் தோணிகள் பாயோடு ஓடிக்கொண்டிருந்தன. 1974இல் புதுத் துறைமுகம் திறந்து பெரிய கப்பல்கள் கரையை அணைந்த பிறகும், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிய தோணிகள் நிற்கவில்லை.

தோணியில் வாழ்க்கை தொடங்கும் இடம் அடுப்படி. புதிதாக ஏறும் பையன் பண்டாரிக்கு, அதாவது சமையல்காரருக்கு, எடுபிடி. விறகு உடைப்பான், பாத்திரம் விளக்குவான், தண்ணீர் அளந்து ஊற்றுவான், எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவான். அணியம் எது, பின்புறம் எது, ஆஞ்சான் கயிறு எது, தாமான் கயிறு எது என்று கேட்டும் திட்டு வாங்கியும் கற்பான். ஆஞ்சான் பாயை ஏற்றும் கயிறு. தாமான் பாயின் முனையைக் காற்றுக்கேற்ப இழுத்துப் பிடிக்கும் கயிறு. இருட்டில், மழையில், கைக்குத் தட்டுப்படும் கயிறு இன்னதென்று தெரிந்துவிட்டால் அவன் பாதி மாலுமி. பிறகு பாய்மரம் ஏறுதல், சுக்கான் பிடித்தல். மேகத்தின் அடிவயிறு எந்த நிறத்தில் இருந்தால் என்ன காற்று வரும், தண்ணீரின் நிறம் மாறினால் கரை எவ்வளவு தூரம், அறுமீன் எந்த உயரத்தில் நின்றால் இரவு எத்தனை நாழிகை என்பதெல்லாம் பள்ளிக்கூடம் இல்லாத படிப்பு. அதில் தேறியவரைத்தான் தண்டல் என்றார்கள். தோணியின் தலைவர் அவர். சரக்குக்கும் உயிருக்கும் அவரே பொறுப்பு.

தூத்துக்குடியின் இந்தத் தோணி உலகை ஜோ டி குரூஸ் 'கொற்கை' நாவலில் விரித்து எழுதினார். 2013இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நம் படகுகளை ஆவணப்படுத்தியவர்களில் முன்னோடி ஜேம்ஸ் ஹார்னெல். மதராஸ் மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த அவர், கடற்கரைக் கலங்களைப் பற்றி 1920இல் விரிவான ஆய்வு வெளியிட்டார். தென்னிந்திய ஆறுகளின் பரிசலையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதற்கென்றே தனியாகக் கட்டுரை எழுதினார்.

தோணிக்காரர் வீட்டில் இந்த வாழ்க்கைக்கு இன்னொரு முகம் உண்டு. தோணி போன தேதி தெரியும், வரும் தேதி தெரியாது. தென்மேற்குப் பருவத்தில் கடல் மூடும் மாதங்களில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், வருமானம் இருக்காது. கடல் திறந்தால் வருமானம் வரும், ஆள் இருக்க மாட்டார். ஒன்று இருந்தால் ஒன்று இல்லை. பிள்ளைகள் அப்பாவைப் பருவத்துக்கு ஒரு முறை புதிதாகத் தெரிந்துகொண்டு வளர்ந்தார்கள்.

அன்னபூரணி போன தூரம்

தமிழர் கட்டிய பாய்மரக் கப்பல் ஒன்று அட்லாண்டிக் தாண்டிய கதை, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பிறந்தது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கரையிலேயே கட்டி ஓட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. 89 அடி நீளம். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்தார். அவர் சாதாரணப் பயணி அல்லர். 32 அடி நீளமே உள்ள 'ஸ்வாப்' என்ற படகில் 1928இல் கிளம்பி 1931இல் உலகைச் சுற்றி முடித்தவர். எத்தனையோ துறைமுகம் கண்ட அந்தக் கண்ணுக்கு வல்வெட்டித்துறைத் தச்சர்களின் வேலை பிடித்துப்போயிற்று. கப்பலை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார்.

1937இல் புறப்பட்ட அந்தக் கப்பலை வல்வெட்டித்துறைத் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவரூர் மாலுமிகளும் ஓட்டினார்கள். தூத்துக்குடியில் தண்டல் என்பதைத்தான் அங்கே தண்டையல் என்பார்கள். ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பிறகு அட்லாண்டிக். 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. குளோஸ்டர் பாய்மரக் கப்பல்களுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கே தமிழர் கட்டிய கப்பலைப் பார்க்கக் கூட்டம் கூடியது, பத்திரிகைகள் எழுதின.

வாடையும் கொண்டலும் கச்சானும் அறிந்தவர்கள் அவர்கள். பருவத்துக்கு ஒரு திசையில் ஒழுங்காக வீசும் காற்றை நம்பி வளர்ந்தவர்கள். அந்தப் பஞ்சாங்கம் செல்லாத கடலில், குளிரில், ஓராண்டுக்கும் மேலாக அந்தப் பலகைமேல் குடித்தனம் நடத்தினார்கள். அதை நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. இந்தக் கதை நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் வர வேண்டியது.

மறுபடியும் பாய்

20ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோணிகளில் இயந்திரம் ஏறியது. பாய் துணைக்கு நின்றது, பிறகு மடிந்தது. ஆனாலும் பாய்மர வாழ்க்கையை விரும்பி ஏற்றவர்கள் உண்டு. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி 2018இல் தனியொருவராக உலகைச் சுற்றும் போட்டியில் இருந்தபோது, தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு நொறுங்கி, நகர முடியாமல் படகுக்குள் கிடந்தார். மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. அதே மனிதர் 2022இல் மறுபடி அந்தப் போட்டிக்குப் போய், 236 நாள் கடலில் கழித்து, இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் புறப்பட்ட கடற்படை அதிகாரிகள் இருவரும் பெண்கள்: கேரளத்தின் தில்னா, புதுச்சேரியின் ரூபா. இருவர் மட்டுமே உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள்.

இவற்றைவிடப் பழைய உறிக்கு நெருக்கமானது கௌண்டின்யா. அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலை மாதிரியாக வைத்து, ஆணி அடிக்காமல், தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கப்பல் அது. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. இயந்திரம் கிடையாது, படுக்க அறையும் கிடையாது. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் போர்பந்தரிலிருந்து கிளம்பி, இரண்டு வாரத்துக்கு மேல் கடலில் இருந்து, ஜனவரி நடுவில் ஓமானின் மஸ்கட்டை அடைந்தது. அது புறப்பட்டது மார்கழியில். பிளினி சொன்ன கெடுவுக்குள்தான்.

பேர் வெட்டிய பாத்திரம்

கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் நூற்றுக்கணக்கானவை எழுத்துள்ளவை. கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்று பெயர்கள். அரசனின் ஆணையோ கடவுளின் துதியோ அல்ல. இது என் பானை, மாற்றி எடுத்துவிடாதே என்பதற்காக ஈரமில்லாத ஓட்டின்மேல் ஆணியால் கீறியவை. மியோஸ் ஹோர்மோஸில் கணன், சாதன் கீறியதும் இதே எழுத்தில், இதே காரணத்துக்காகத்தான். நாலைந்து பேர் ஒரே அடுப்பில் ஆக்கி, ஒரே மாதிரிப் பானைகளில் தண்ணீர் பிடித்து வைக்கும் நெருக்கடியான இடத்தில், தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒருவனுக்கு இருந்தது அவ்வளவுதான். நொய்யல் கரையில் பட்டறைத் தொழிலாளி செய்ததை, செங்கடல் கரையில் கப்பலில் வந்தவன் செய்தான்.

திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். கொங்கில் கல்யாணச் சீருக்குக் குடமும் அண்டாவும் வாங்குகிறவர்கள் கடையை விட்டு இறங்குவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் மின்சார ஊசியை எடுத்து, பாத்திரத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, அதன் கழுத்தோரம் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டு போவார். 'ர்ர்' என்ற அந்த ஓசை நின்றதும், விரலால் தூசியைத் துடைத்து, பெயர் சரிதானா என்று தூக்கிக் காட்டுவார்.